அளவுக்கு ஒரு கை

திரைச்சீலையை இன்னும் ஒரு விரற்கடை தள்ளினால் வெளிச்சம் போதுமானதாகிவிடும். ஆனால் அந்த விரற்கடைக்கு அப்பால்தான் நவநீதனின் முகம் கிடந்தது. அம்சவேணி கட்டிலின் கால்மாட்டில் நின்று, துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் அவள் புருஷன் மல்லாந்து கிடந்தான். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, குளிக்காமல் கொள்ளாமல், விழுந்தது விழுந்தபடி தூக்கம். இந்த வீட்டில் வெயில் எட்டிப் பார்ப்பது இந்த ஒரு ஜன்னலில்தான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கூடத்தில் டியூப்லைட், அதன் கீழே எதை வைத்துப் படம் எடுத்தாலும் செத்த மீனின் வெளுப்பு வந்துவிடுகிறது. ஆகவே வெயிலும் அவனும் ஒரே அறையில் இருக்கிறார்கள். வெயிலை எடுக்கப் போனால் அவனையும் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அவள் துணியை விட்டாள். திரையின் இடுக்கில் நுழைந்த வெளிச்சம் ஒரு பட்டையாகக் கட்டிலைத் தாண்டி வந்து, இந்தப் பக்கம் அவள் போட்டிருந்த முக்காலியின் மேல் விழுந்தது. முக்காலியில் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டை. அட்டையின் நடுவில் அவள் செய்த அரிவாள்மனை. கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ள அடியில் காந்தம். பலகை பழைய ஸ்கேலிலிருந்து அறுத்தது, அலகு பால்பவுடர் டப்பாவின் மூடியிலிருந்து வெட்டியது. நுனியில் தேங்காய் துருவும் பூவும்கூட உண்டு, ஊசியால் ஒவ்வொரு பல்லாகக் கீறி எடுத்த பூ. அலகை அவள் நிஜமாகவே சாணைக்கல்லில் தீட்டியிருந்தாள். விளையாட்டுச் சாமானுக்குக் கூர் எதற்கு என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இருந்தது. மழுங்கின தகடு வெளிச்சத்தைப் பிடிக்காது. தீட்டிய விளிம்பில்தான் அந்த வெள்ளைக்கோடு ஓடும், அந்தக் கோடு ஓடினால்தான் சின்னப் படத்தில் இது இரும்பு என்று கண்ணுக்குத் தெரியும். பி.எஸ்சி. இயற்பியல் படித்ததில் இன்றைக்கு மிச்சம் இருப்பது அதுதான். யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

முந்தாநாள் ஒரு வாடிக்கையாளர் ஒற்றை நட்சத்திரம் குத்தி எழுதியிருந்தார். மகளுக்குப் புதுக்குடித்தனம் வைக்க வாங்கினேன், பெட்டியைத் திறந்தால் எறும்பு காய் நறுக்குகிற அருவாமனை, ஏமாற்றுக் கடை. படித்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு தன் படத்தையே திறந்து பார்த்தாள். தப்பு அவள் மேல்தான். வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்க வைத்து அத்தனை சுத்தமாகப் படம் எடுத்திருந்தாள், பார்க்கிறவர்கள் அதை நிஜ அரிவாள்மனை என்றே நினைக்கும்படி. பக்கத்தில் எதுவும் இல்லாத பொருளுக்கு அளவு கிடையாது. நேற்று கடைக்காரர்கள், அதாவது எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத அந்த இணையக்கடைக்காரர்கள், சேதி அனுப்பிவிட்டார்கள். தீபாவளிப் பக்கத்தில் உங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அளவு தெரிகிற மாதிரி முதல் படத்தை நாளை மதியத்துக்குள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம். தீபாவளிப் பக்கம். அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், விளக்கு, மாலை, பொம்மை, மெழுகுவத்தி. பார்க்கிறவள் பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கட்டைவிரலால் மேலே தள்ளுவாள். ஒரு தள்ளு, ஆறு படம் செத்தது. இன்னொரு தள்ளு, இன்னும் ஆறு. அந்த விரல் எங்காவது ஒரு நொடி தடுக்கி நிற்க வேண்டும். வேலூரிலிருந்து ஃபரீதா அதைத்தான் குரல்பதிவில் சொல்லிச் சொல்லி அனுப்புகிறாள். நூலால் பொம்மை பின்னி அதே கடையில் விற்கிற ஃபரீதா. அம்சவேணி அவளை நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். "அம்சு, கேளுடி, அழகா இருந்தா பத்தாது, அழகா ஆயிரம் இருக்கு. கண்ணைக் குத்தணும். ஒரே ஒரு கலரு தூக்கலா இருக்கணும், மத்தது எல்லாம் அடங்கிக் கிடக்கணும், புரியுதா? அப்பறம் இன்னொண்ணு. இந்தத் தீபாவளி ஆர்டர் மட்டும் வந்துருச்சுன்னு வையி, நீ கெளம்பி இங்க வந்துரு. எங்க மாடில ரூம் சும்மாத்தான் கெடக்கு. ரெண்டு பேரும் ஒக்காந்து பண்ணலாம். அங்க கெடந்து சாவாத." கடைசி வார்த்தையை ஃபரீதா விளையாட்டாகத்தான் சொன்னாள். குரலைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அம்சவேணிக்கு மட்டும் அது விளையாட்டாகக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த மாடி அறை அவள் தலைக்குள் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஜன்னல் வைத்தாயிற்று, திரை இல்லாத ஜன்னல். அதற்குப் போகிற வழி இந்த ஒரு படம்தான். படத்துக்குப் போகிற வழியில் அவன் படுத்திருக்கிறான்.

அளவு காட்ட அவள் என்னவெல்லாமோ பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். ரூபாய் நாணயம் தாம்பாளம் மாதிரி இருந்தது. தீக்குச்சி விறகுக்கட்டை ஆகிவிட்டது. மிளகு வைத்தாள், கரிய பூசணிக்காய். கண் எதை முதலில் நம்புகிறதோ அதுதான் அளவு, கண் நம்புவது மனிதக் கையைத்தான். மற்ற கடைக்காரிகள் எல்லாம் கையைத்தான் வைக்கிறார்கள், வெண்டைப்பிஞ்சு மாதிரி விரல்கள், ரோஸ் நிற நகங்கள். அவளும் தன் இடதுகையை வைத்துப் படம் எடுத்து ஃபரீதாவுக்கு அனுப்பினாள். அவள் பதில், "ஏண்டி, சாமானை விட்டுட்டு எல்லாரும் அந்தச் சுண்டுவிரலத்தான்டி பாப்பாங்க. என்னாச்சு அதுக்கு? சரி, சொல்ல வேணாம். வேற கையைப் போடு." சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக ஒடிந்து, ஒடிந்தபடியே கூடி, நகம் கறுத்துப்போய் நிற்கிறது. வலதுகையை வைத்தால் போனை இடதில் பிடிக்க வேண்டும், பிடிப்பில்லாமல் நழுவுகிறது. பீரோக் கதவில் நசுங்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். அது பொய்யில்லை. பீரோக் கதவில்தான் நசுங்கியது. கதவை யார் மூடினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கீழ்வீட்டு ஓனரம்மா விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, பீரோவுல மாட்டிக்கிச்சா? பாத்து மூடோணுமல்லோ" என்றாள். மேலே சத்தம் கேட்டால் அந்த அம்மா டிவி ஒலியைக் கூட்டி வைப்பாள் என்று அம்சவேணிக்குத் தெரியும். அடி விழும்போது கீழே நாடகத்தில் யாராவது வீறிட்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள், தனக்காக வேறு ஒருத்தி அழுவது மாதிரி இருக்கும். அம்மாவிடம் மட்டும் போனில் நடந்ததைச் சொன்னபோது அம்மா, "ராத்திரி வேலைக்குப் போற ஆம்பளைக்குத் தூக்கம் கெட்டா கோவம் வரத்தானே செய்யும். நீதான் சத்தம் காட்டாம நடந்துக்கோணும்" என்றாள். சத்தம்தான் காரணம், வாஸ்தவம். அன்றைக்கும் இதே ஜன்னல், இதே வெளிச்சம், ஒரு குட்டி ஆட்டுக்கல்லைப் படம் எடுத்தாள். போனில் 'டிக்' என்றது. அவ்வளவுதான். அவன் கத்தவில்லை. கத்துகிற ஆளாக இருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மெதுவாக எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி, "எந்தக் கையிலடி அமுக்குன?" என்று கேட்டான். எடுத்தது வலதுகையால். அவள் இடதை நீட்டினாள். எப்படித் தோன்றியது அந்தப் பொய், எங்கிருந்து வந்தது அத்தனை வேகத்தில்? வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே கெட்டிக்காரப் பொய் அதுதான். மண் பிசைவதும் தகடு வெட்டுவதும் ஊசியால் பூ கீறுவதும் வலதுகை. அவன் இடதைப் பிடித்துக் கதவின் கீல் இடுக்கில் வைத்து, மூடினான். முழுசாக மூடினான். வெண்டைக்காய் ஒடிக்கிற சத்தம். மூடும்போது அவன் முகத்தில் கோபமே இல்லை, பெட்டியை மூடுகிறவனின் கவனம்தான் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு விரலில் வலிப்பதில்லை, பல்லில் வலிக்கிறது.

போனின் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டாளா என்று மறுபடியும் பார்த்தாள். அடைத்திருந்தது. மறுபடியும் பார்த்தாள். முக்காலிக்கு முன்னால் தரையில் முட்டிபோட்டு, போன் திரையில் படச் சதுரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கட்டில் கிறீச்சிட்டது. அவள் ரத்தமெல்லாம் காதுக்கு ஏறியது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் போன் திரையையே பார்த்தாள். திரையின் மேல்விளிம்பிலிருந்து ஒரு கை உள்ளே இறங்கி வந்து, அட்டையின் மேல், அரிவாள்மனைக்குப் பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்க்க, தொப்பென்று விழுந்தது. அவனுடைய இடதுகை. தூக்கத்தில் புரண்டு கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறான். குறட்டை நின்று, யோசித்து, மறுபடி தொடர்ந்தது. திரையில் அந்த நொடியில் எல்லாம் சரியாகிவிட்டிருந்தது. அவ்வளவு பெரிய கை, அதன் பக்கத்தில் அரிவாள்மனை சட்டென்று சுருங்கி, தன் நிஜ அளவுக்கு வந்து, பார்க்கிறவர் மனசை அள்ளுகிற குட்டிப் பொருளாக நின்றது. அவள் வாய்க்குள் 'ஆ' என்றாள். நவநீதன் இடதுகைக்காரன். கல்யாணமான புதிதில் அது அவளுக்குப் பழகவே இல்லை, அறை எப்போதும் எதிர்பார்க்காத கன்னத்தில் விழும். வலதுபக்கம் கேட்கிற திறன் குறைந்துபோனது அதனால்தான். இப்போது அந்தக் கை வெயிலில் கிடக்கிறது, பொருள் மாதிரி. கைமயிரில் பஞ்சுத் தூசு பொன்னாக மின்னுகிறது, ரேகைகளில் எண்ணெய்க் கறுப்பு இறங்கியிருக்கிறது, மோதிரவிரலின் அடியில் காய்ப்பு. நல்ல கைதான். அதுதான் எரிச்சல். இந்தக் கையைப் படத்தில் பார்த்தால் உழைக்கிற கை என்பார்கள், அப்பாவின் கை ஞாபகம் வருகிறது என்று எழுதுவார்கள், சிவப்பு இதயமாகப் போட்டுத் தள்ளுவார்கள். இதன் கட்டைவிரல் அவள் தொண்டைக்குழியில் எங்கே பொருந்தும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதே கைதான் பேரூர்த் தேர்க்கூட்டத்தில் அவள் தோளைச் சுற்றி அணைத்து வெளியே கூட்டிவந்தது என்பதும்தான் தெரியாது. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? சீ, போ. அவள் ஊசியை எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் அரிவாள்மனையை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

விரல்கள் மெல்ல மடங்க ஆரம்பித்தன. கைக்குழந்தையின் உள்ளங்கையைத் தொட்டால் மூடுமே, அந்த மாதிரி. அவள் வெடுக்கென்று பொருளை எடுத்துக்கொண்டாள். விரல்கள் காற்றைப் பிடித்து, ஏமாந்து, விரிந்தன. உள்ளங்கை சரிப்படாது, அது குழிவு, பலகை அதில் மூழ்கிவிடும். மணிக்கட்டு மட்டமாக இருந்தது. அங்கே தோல் வெளுப்பு, நரம்பு இரண்டும் பச்சையாக மேலே தெரிந்தன. அவள் அரிவாள்மனையை அங்கே நிறுத்தினாள். நின்றது. திரையில் பார்த்தாள், சதுரம், கை, அலகு, அலகில் வெள்ளைக்கோடு, அழுத்தினாள். சத்தமில்லாமல் படம் விழுந்தது. அலகு மங்கலாக, இரட்டையாக இருந்தது. கை நடுங்கிவிட்டதா? இன்னொன்று எடுத்தாள். அதுவும் ஆடியிருந்தது. முழங்கையை முக்காலியில் ஊன்றி எடுத்தாள், அப்போதும். அப்புறம்தான் போனை இறக்கிவிட்டு, குனிந்து, வெறுங்கண்ணால் பார்த்தாள். ஆடுவது அவள் இல்லை. அவன் நாடி. ஒவ்வொரு துடிப்புக்கும் தோல் மயிரிழை எழும்பி இறங்க, அரிவாள்மனை உடம்பு முழுக்க ஒரு சின்ன அதிர்வு அதிர்ந்து நின்றது. எழும்பி, இறங்கி. அந்தத் தோலுக்கு அடியில், ஒரு தாள் கனத்துக்குக் கீழே, அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். எவ்வளவு மெல்லிசு. கீல் இடுக்கில் வைத்த விரலுக்காவது எலும்பு இருந்தது. பலகையின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினால், வேண்டாம், அழுத்திக்கூட வேண்டாம், வெள்ளரிப்பிஞ்சைச் சீவுவது போல ஒரு இழுப்பு. சார்ட் அட்டை குடிக்கும், அட்டை நிறைந்தால் முக்காலி, பிறகு தரை. ஒரே ஒரு கலரு தூக்கலா இருக்கணும், மத்தது எல்லாம் அடங்கிக் கிடக்கணும். அவள் மனசுக்குள் அவன் எழுந்து உட்கார்ந்து கையைப் பார்க்கிறான், அவள் பீரோவைத் திறக்கிறாள், இங்க வா என்கிறாள், அவன் தலை உள்ளே, கதவு, மறுபடி கதவு, மறுபடி. கீழே டிவியில் யாரோ வீறிடுகிறாள். சத்தத்தைக் கூட்டுங்கம்மா, இன்னும் கூட்டுங்க. இந்தத் தகடு அவ்வளவுக்கு ஆகாது, தோலைக் கீறும், அதற்கு மேல் வளைந்துவிடும் என்று அதை வெட்டித் தீட்டியவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மனம் கதவை மூடிக்கொண்டே இருந்தது. கல்லூரியில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எழுந்து நிற்கத் தயங்குகிற பெண், எறும்பைக்கூட ஊதி விடுகிற பெண், எங்கே வைத்திருந்தாள் இத்தனையையும்? படம், படம் எடு. மதியம் ஆகப் போகிறது. பலகை ஆடாமல் இருக்க ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் இடதுகையை நீட்டி, அந்தக் கோணல் சுண்டுவிரலின் நுனியால் பலகையின் வாலைத் தொட்டுப் பிடித்தாள். அது என்னவோ அதற்காகவே ஒடித்து வைத்த மாதிரி, சரியான கோணத்தில் பொருந்தியது.

தெருவில் கேஸ் சிலிண்டர் வண்டிக்காரன் இரும்புச் சாவியால் சிலிண்டரில் ஓங்கி அடித்தான். டங். நவநீதனின் கை துள்ளியது. அவள் விரல் விடவில்லை. அலகு சாய்ந்து, தோலில் ஒரு கீற்று போட்டு நின்றது. முதலில் ஒன்றுமில்லை, ஒரு வெள்ளைக் கீறல். பிறகு அதன் நடுவில் கடுகளவு சிவப்பு ஊறி, உருண்டு, மாதுளை முத்தாக வெயிலில் நின்றது. குறட்டை நின்றிருந்தது. இந்தமுறை யோசிக்கவில்லை, நின்றேவிட்டது. அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். அவன் கண் திறந்திருந்தது. "என்னடி பண்ற?" தூக்கத்தில் கரகரத்த குரல். அந்தக் குரலுக்கு அவள் உடம்பு எப்போதும் செய்வதைச் செய்தது, தோள் சுருங்கியது, வலது கன்னம் தானாக ஒதுங்கியது. ஆனால் விரல் பலகையிலேயே இருந்தது, விரலை எடுக்க மறந்துவிட்டாள். அவன் பார்வை இறங்கி, தன் கைக்குப் போய், மணிக்கட்டில் நிற்கிற அலகைப் பார்த்தது. ரத்தத்தைப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது. அவள் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. கோபமாக இருந்திருக்காது. பெட்டியை மூடுகிறவளின் கவனம் மட்டும் இருந்திருக்கலாம். அவன் எழவில்லை. கையை இழுக்கவும் இல்லை. "அம்சு," என்றான். அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து கேட்டே வருஷங்கள் ஆகியிருந்தன. "எடுத்துருடி அதை." குரல் இறங்கி வந்தது. அப்போதுதான் அவள் சுண்டுவிரல் நுனியில் அதை உணர்ந்தாள். நாடி ஓட ஆரம்பித்திருந்தது. எழும்பி இறங்கி, எழும்பி இறங்கி, கூண்டில் கை விட்டதும் கோழி அடித்துக்கொள்ளுமே, அப்படி. அவள் நெஞ்சுக்குள் தினமும் அடித்துக்கொள்வது இதே கோழிதான். அது ஊமைக் கோழி என்று நினைத்திருந்தாள். வெளியே எடுத்து, வெயிலில் வைத்து, பார்க்க முடியும் என்று தெரியாது.

"ஆட்டாதீங்க மாமா," என்றாள். "படம் ஆடுது." சொன்னது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது, அத்தனை சாதாரணமாக வந்தது. கைதூக்கி அடிக்க அவனுக்கு வலதுகை இருக்கிறது, எழுந்து நின்றால் கட்டில் நீளத்துக்கு ஆள், ஒரு நொடி போதும். அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்த நொடி வந்து, அறைக்குள் கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டது. நாடி இன்னும் வேகமாக அடித்தது, இந்த வேகத்துக்கு இந்த வெளிச்சம் பத்தாது என்று அவளுக்குள் படித்த பெண் ஒருத்தி நிதானமாகக் கணக்குப் போட்டாள். வெளிச்சம் கூடினால்தான் ஆடுகிற பொருளும் நின்றது போல் விழும். "அந்தக் கையால திரையை இழுத்து உடுங்க," என்றாள். "முழுசா." அவன் அவளையே பார்த்துக்கொண்டு, வலதுகையைத் தலைக்கு மேல் கொண்டுபோய், துணியைத் தடவிப் பிடித்து, இழுத்தான். வளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடின. வெயில் மொத்தமும் அவன் முகத்தில் விழுந்தது. அவன் கண்ணைச் சுருக்கினான். அசையவில்லை. "மணிக்கட்டைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்க. போதும்." திருப்பினான். அலகின் விளிம்பில் வெள்ளைக்கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. சதுரத்துக்குள் பெரிய கை அடங்கிக் கிடந்தது. அதன் மேல் குட்டி அரிவாள்மனை, அதைப் பிடித்திருக்கிற கோணல் விரல், பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு. அவள் போனின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, அடைத்து வைத்திருந்த சத்தத்தை மேலே, கடைசிவரை மேலே ஏற்றினாள். அழுத்தினாள். டிக் என்று அறை முழுக்கக் கேட்டது. அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. போன் திரையின் மூலையில் விரல்நகம் அளவுக்குச் சுருங்கி வந்து உட்கார்ந்த படத்தை அவள் குனிந்து பார்த்தாள். அலகு கம்பி மாதிரி நின்றிருந்தது. எது பெரியது, எது சின்னது என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

"இன்னும் ஒண்ணு, மாமா," என்றாள். "அப்படியே இருங்க."